உயிர்வேலியும் மதிற்சுவரும்

தமிழில் வேலி என்ற சொல் தடுப்பை மட்டும் குறித்து நின்றதில்லை. நிலத்தின் அளவுக்கும் அதுவே பெயர். தஞ்சை வட்டாரத்தில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்தோறும் நிலத்தை வேலியில் தொடங்கி, மாவாகவும் காணியாகவும் முந்திரியாகவும் பகுத்துக்கொண்டே போகின்றன. வளைத்து அடைத்துக்கொண்ட இடமே ஒருவனுடைய நிலம் என்ற பழைய நினைவு இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

செப்பேடுகளைப் படித்தவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். பல்லவரும் சோழரும் ஊர்களைத் தானமாகக் கொடுத்தபோது பெண்யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்தார்கள்; சுற்றிவந்த தடத்தில் கல்லையும் கள்ளியையும் நட்டார்கள். கல் ஏன் என்பது விளங்குகிறது. அதன் பக்கத்தில் கள்ளி ஏன்? கல்லைப் பெயர்த்து வைக்கலாம். வேர்விட்ட கள்ளியைப் பெயர்த்தால் அது வாடி, பெயர்த்தவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அரச ஆணையே ஒரு செடியைச் சாட்சியாக நம்பியிருக்கிறது.

இன்னும் பின்னே போனால் பத்துப்பாட்டில் இரண்டு வேலிகளைப் பார்க்கலாம். முல்லைப்பாட்டில் படை பாசறை அமைக்கிறது. காட்டுப் புதர்களை வெட்டி, முள்ளைக் கொண்டுவந்து மதிலாக வளைக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் ஆயர் குடியிருப்பைச் சுற்றி அதே முள்வேலி. உள்ளே ஆட்டு எரு, விடியலில் தயிர் கடையும் ஓசை. போருக்குப் போனவனும் மோர் விற்கப் போனவளும் ஒரே பொருளால், ஒரே முறையில் வேலி போட்டிருக்கிறார்கள். அந்த முறை நம் காலம் வரைக்கும் அறுபடாமல் வந்தது. அறுபட்டது நம் காலத்தில்தான்.

அந்த அறுபடல் குறித்தே இங்கே எழுத முற்படுகிறோம். ஊர்ப்புறங்களில் கடந்த முப்பது ஆண்டுகளில் வேலி போய்ச் சுவர் வந்துவிட்டது. வசதியுள்ளவர்கள் ஹாலோபிளாக் கல்லில் சுற்றுச்சுவர் எழுப்புகிறார்கள். அடுத்த நிலையில் இருப்பவர்கள் கல்கால் நட்டுக் கம்பிவலை இழுக்கிறார்கள். இதை முன்னேற்றம் என்று கொள்வதில் பெரிய தவறில்லை. ஆனால் ஒரு வீட்டின் புழக்கடையைக் கையால் வேலி அடைப்பதும், ஆள்வைத்துச் சுவர் எழுப்புவதும் ஒரே காரியத்தின் இரண்டு வகைகள் அல்ல என்பது நம் எண்ணம். சுவர் ஒரு பொருள். கட்டி முடித்தால் முடிந்தது. வேலி ஒரு வேலை. ஒவ்வோர் ஆண்டும் அதைச் செய்தாக வேண்டும், அதுவும் எல்லையின் இருபுறத்தாருக்கும் தெரியச் செய்தாக வேண்டும். வேலி போகும்போது உடன் போவது இந்த வேலையும், அது கட்டாயமாக்கிய பேச்சும்தான்.

* * *

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு வேலியை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. காங்கயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் காடுகளைப் பார்த்திருப்பவர்களுக்குக் கிளுவை வேலி தெரியும். கொறங்காடு என்று அவற்றைச் சொல்வார்கள். கொழுக்கட்டைப்புல் வளர்ந்து, ஆங்காங்கே வெள்வேல மரம் நிற்கும் நிலத்தைச் சுற்றி முட்கிளுவையால் நெருக்கமாக உயிர்வேலி அமைத்து, மாடுகளை உள்ளே விட்டுவிடுவார்கள். மேய்ப்பவன் தேவையில்லை; வேலியே மேய்ப்பன். காங்கயம் காளையின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தக் காளை வளர்ந்த வேலியைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தப் பகுதியில் எங்கள் குடும்பத்துக்கு 40 சென்டில் ஒரு தோட்டத்துச் சாளை உண்டு. கிணறு, நான்கு முருங்கை, இரண்டு வெள்ளாடு, சில கோழி. பொடக்காளிப் பக்கம், அதாவது புழக்கடைப் பக்கம், 60 அடி நீளத்துக்கு வேலி இற்றுப்போயிருந்தது. ஆள் வைக்காமல் வீட்டிலிருந்த மூவருமாகவே அதை அடைத்தோம். அந்த வேலையின் படிகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வேலி குறித்த சொற்கள் அந்தப் படிகளில்தான் இருக்கின்றன.

முதல் வேலை போத்து வெட்டுவது. நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டுக்குப் போத்து என்று பெயர். கிளுவை கோடையில் இலை உதிர்த்து வெறுங்கிளையாக நிற்கும். அப்போதுதான் வெட்ட வேண்டும். கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமலும் மணிக்கட்டுப் பருமனுக்கு மிகாமலும் ஐந்தடி நீளத்தில் வெட்டினோம். வெட்டுவாயிலிருந்து மணமுள்ள பால் கசியும். வெள்ளைப்போளமும் குக்கிலும் தரும் மரங்களின் இனத்தைச் சேர்ந்தது கிளுவை என்பதை அந்த மணம் சொல்லிவிடும். வெட்டியவுடனே நடக்கூடாது. நிழலில் சில நாள் கிடத்தி, பால் வற்றி வெட்டுவாய் காய்ந்த பிறகே நட வேண்டும், இல்லையேல் அழுகிவிடும்.

போத்தின் அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவ வேண்டும். இதற்கு ஒரு காரணம் மண்ணில் இறங்குவது எளிது என்பது. மற்றொரு காரணத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொன்னார். "சீவுன பக்கம் கீழ போகோணும் தம்பி. குமிஞ்சு கெடக்கறதுல எது தல, எது அடின்னு அப்பறம் தெரியாதுங். தலகீழா நட்டா அது தழையாது." மரத்தை ஒடித்துக் குவித்தபின் தலை எது, கால் எது என்று அறிய வைத்த அடையாளம் அந்தச் சீவல். கருவியும் காகிதமும் இல்லாமல் அறிவைச் சேமித்துவைக்கும் முறைகளுள் இதுவும் ஒன்று.

பிறகு கயிறு பிடித்து, ஓரடி ஆழத்துக்கு வாய்க்கால்போல் மண் எடுத்தோம். அரையடிக்கு ஒன்றாக 120 போத்துகள். நட்டு, மண் தள்ளி, மிதித்து இறுக்க வேண்டும். கடப்பாரையால் குத்தி இறுக்கினால் பட்டை காயப்படும். காலால் மிதிப்பதே சரி. தரைக்கு மேல் நாலடி உயரம். இடுப்பளவில் ஒன்று, மார்பளவில் ஒன்று என மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கே வைத்துக் கட்டினோம். இதற்கு வரிச்சு என்று பெயர். கட்டுவதற்குப் பனைமட்டையின் அகணி நார். முதல்நாளே தண்ணீரில் ஊறப்போட்டால்தான் நார் முறியாமல் வளையும். கம்பியால் கட்டலாகாதா என்று கேட்கலாம். போத்து பருக்கும்போது கம்பி பட்டையை அறுத்து உள்ளே போய்விடும். நார் அதற்குள் இற்று விழுந்துவிடும். கட்டு தேவைப்படும் காலமும் நாரின் ஆயுளும் ஏறத்தாழ ஒன்றே.

கடைசி வேலை முள் அடைப்பது. புதுப்போத்து அடர்ந்து வரும்வரை அடிப்பகுதி இடைவெளி வழியே கோழியும் ஆட்டுக்குட்டியும் நுழையும். அதற்காகக் கருவேல முள்ளையும் இலந்தை முள்ளையும் வெட்டிவந்து கீழே திணிக்க வேண்டும். கையால் தொட முடியாது. கவைக்கோலால் தூக்கி, கவைக்கோலாலேயே அழுத்த வேண்டும். கருவேல முள் நேரானது; காலில் ஏறும். இலந்தை முள் வளைந்தது. மயிரையும் துணியையும் பிடித்துக்கொள்ளும். ஒன்று எச்சரிக்கும், மற்றொன்று விடாது. இரண்டும் வேண்டும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி கோத்துவைத்திருந்தது அலங்காரத்துக்காக அல்ல.

மூன்று நாள் வேலை. அந்த ஆண்டு வைகாசியில் இரண்டு மழை விழுந்தது. 120இல் பெரும்பாலானவை துளிர்த்தன. பட்டுப்போனவற்றின் இடத்தில் மறுவருடம் புதிய போத்து நட்டோம். போக்குவழிக்கு விட்ட இடைவெளிக்குக் கடவு என்று பெயர். அதைச் சாத்தும் தட்டிக்குப் படல். ஈழத்தில் இதுவே படலை. போத்து, வரிச்சு, அகணி, கவைக்கோல், கடவு, படல். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும், பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியையும் கொண்டுவந்தார்கள். அவ்வகை அகராதிகளை நாம் போற்றுகிறோம்; வகுப்பறையில் எடுத்துக் காட்டுகிறோம். ஆனால் சொல் என்பது வேலையின் நிழல். வேலை நின்றுபோன பிறகு சொல்லை அகராதியில் காப்பாற்றலாம். வாயில் காப்பாற்ற முடியாது.

* * *

உயிர்வேலி நாலைந்து ஆண்டுகளில் வெறும் வேலியாக இராது. அதன்மேல் யாரும் நடாமலேயே கொடிகள் ஏறிவிடும். கோவை, பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை, சங்குப்பூ, பெயரிலேயே வேலியைக் கொண்ட வேலிப்பருத்தி. இவற்றில் பாதிக்குமேல் சமையலறைக்கு வருபவை. பிரண்டைத் துவையலும் முடக்கத்தான் தோசையும் தூதுவளை ரசமும் தோட்டத்து விளைச்சல்கள் அல்ல, வேலியின் விளைச்சல்கள். நிலமில்லாத வீட்டுக்கும் அவை கிடைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கொடி தெருப்பக்கம் தொங்கினால் தெருவில் போகிறவர்கள் பறித்துக்கொள்ளலாம், கேட்பாரில்லை. கழித்த கிளுவைத் தழை ஆட்டுக்கு. காய்ந்த குச்சி அடுப்புக்கு.

அப்புறம் ஓணான். நம் பழமொழிகளில் வேலியும் ஓணானும் பிரிவதில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்கிறோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்கிறோம். வகுப்பில் இந்தப் பழமொழிகளுக்குப் பொருள் கேட்டால் மாணவர்கள் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். ஓணானை ஏன் வேலியில் வைத்தார்கள் என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். அவர்கள் பார்த்து வளர்ந்தவை மதில்கள். மதிலில் பல்லி உண்டு. ஓணானுக்கு ஏற இலையும் இரையும் வேண்டும். காடைக்கு வேலியடி நிழல் வேண்டும், கீரிக்கு வேர்ப்பொந்து வேண்டும். 60 அடி வேலியில் இவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள். சுவர் கட்டும்போது இவர்களுக்கு யாரும் காலி செய்யச் சொல்லி அறிவிப்புக் கொடுப்பதில்லை.

* * *

இனி அண்டை அயல். உயிர்வேலி இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை கழிக்கப்பட வேண்டும். கழிக்காவிட்டால் மேலே அடர்ந்து கீழே வெளுத்துவிடும். ஆடு நுழைய வழி கிடைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் நின்று வேலியைக் கழிக்க முடியாது. நம் பக்கத்தை நாம் கழிக்கலாம். மறுபக்கத்துக்கு அவர்கள் வர வேண்டும், அல்லது அவர்கள் இடத்தில் நாம் கால்வைக்க வேண்டும். இரண்டுக்குமே கேட்டாக வேண்டும். "மாமா, இந்த வாரம் வேலி கழிக்கலாமுங்களா?" என்ற ஒரு வரியில் ஓராண்டின் மனத்தாங்கல் கரைந்துபோவதைக் கண்டிருக்கிறோம். கரையாமல் வலுத்துப் போவதையும் கண்டிருக்கிறோம். எப்படியாயினும் பேசியாக வேண்டும். பேசாமல் இருக்கும் உரிமையை வேலி யாருக்கும் கொடுப்பதில்லை.

யாழ்ப்பாணத்து எழுத்துகளை வாசித்தவர்களுக்கு இது மேலும் நன்றாகப் புரியும். அங்கே வேலி ஒரு பெரும் பண்பாடு. கிளுவை, பூவரசு, முள்முருக்கு இவற்றின் தடிகளைக் கதியாலாக நட்டு, அவற்றில் கிடுகோ பனையோலையோ வைத்து அடைப்பார்கள். கருக்குமட்டையாலும் வேலி உண்டு. ஓலை உக்கிவிடும், ஆகவே திரும்பத் திரும்ப அடைத்தாக வேண்டும். உக்கிய பனையோலை வீணாவதில்லை, தோட்டத்துக்குப் பசளையாகிவிடும். செங்கை ஆழியான் 'கிடுகு வேலி' என்றே ஒரு நாவலுக்குப் பெயரிட்டார். அந்தச் சொல் அங்கே ஒரு வாழ்முறைக்கே குறியீடாகிவிட்டது.

அந்த வேலியை இனிப்பாக மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது. கதியாலை இரவோடிரவாக ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேச்சற்றுப்போன குடும்பங்கள் அங்கே உண்டு; எல்லை வழக்குகளால் நீதிமன்றங்கள் நிறைந்ததும் உண்டு. ஆனால் அதே வேலியில் பொட்டும் உண்டு. வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு விட்ட சிறு திறப்புக்கு அங்கே பொட்டு என்று பெயர். ஆண்கள் படலை வழியே, தெரு சுற்றி, முறைப்படி வருவார்கள்; பெண்கள் பொட்டுக்குள்ளால் குனிந்து போய்ச் சீனி கடன் வாங்கி, செய்தி சொல்லி, பிள்ளையைக் கொடுத்து வாங்கி வருவார்கள். எல்லையை வகுத்தவர்கள் அதில் ஓட்டையையும் வகுத்துவைத்தார்கள். சண்டை வந்தால் முதலில் அடைபடுவது பொட்டு; சமாதானம் வந்தால் முதலில் திறப்பதும் அதுவே. செங்கல் சுவரில் பொட்டு வைக்க வேண்டுமானால் கொத்தனாரை அழைக்க வேண்டும்.

* * *

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்வாதத்தை எதிர்கொள்ளாமல் போவது நேர்மையன்று. வேலி குற்றமற்ற பொருளா? இல்லை. நம் ஊர்களில் யார் எந்த வேலிக்கு அப்பால் நிற்க வேண்டும் என்பது சாதியால் வகுக்கப்பட்டிருந்தது. முள் சுமந்துவந்து வேலி அடைத்தவர்களில் பலருக்கு அடைக்கச் சொந்தமாக ஒரு சென்ட் இருந்ததில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் போதும். ஆகவே பழைய வேலி திரும்பினால் பழைய உறவு திரும்பும் என்றோ, பழைய உறவு நல்லதாக இருந்தது என்றோ நாம் வாதிடவில்லை.

ஆயினும் வேலியின் கொடுமை சுவராக இறுகும்போது என்ன நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989இல் தலித் மக்களின் வழியை மறித்து எழுந்த சுவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்றது. 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் காவல்துறையை வைத்துக்கொண்டு அதில் ஒரு பகுதியை இடித்தே வழி திறக்க வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, கனமழையில் ஒரு வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர், எல்லாரும் தலித் மக்கள், இறந்துபோனார்கள். அந்த மழை கிளுவை வேலியின்மேலும் பெய்திருக்கும். வேலி சாய்ந்திருந்தால் மறுநாள் நிமிர்த்தியிருக்கலாம். தன் வீட்டுக்கு எவ்வளவு உயரத்தில் மறைப்பு வேண்டும் என்று தீர்மானிக்கிறவர், அது விழும் பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தேவையில்லாமல் செய்துவிட்டது சுவர். கையால் வேலி அடைக்கிறவர் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் அடைக்கவே முடியாது. பார்த்தும் இரங்காதவர்கள் உண்டுதான். ஆனால் பார்க்காதவர்களிடம் இரக்கத்தை எதிர்பார்க்கவே வழியில்லை.

கம்பியைப் பற்றியும் ஒரு சொல். முட்கம்பிக்கு அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை பெற்றார். பரந்த மேய்ச்சல் வெளிகளை விரைவாகவும் மலிவாகவும் அடைக்க அது உதவியது. மாட்டுக்காக வந்த கம்பி மனிதருக்கும் பயன்படும் என்பதை அடுத்த நூற்றாண்டின் போர்களும் முகாம்களும் காட்டின. 2009இல் வன்னிப் போர் முடிந்தபோது மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் தமிழர்கள் கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள்; மெனிக் பாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. அன்றுமுதல் தமிழில் முள்வேலி என்று எழுதினால் ஆயர் குடியிருப்பு நினைவுக்கு வருவதில்லை. ஈராயிரம் ஆண்டுகளாக ஆட்டுக்குட்டியைக் காத்துவந்த ஒரு சொல் சில மாதங்களில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. இலந்தை முள்ளை வெட்டியவன் கையிலும் முள் குத்தியது. கம்பியை உருட்டிப் போட்டவன் கையில் உறை இருந்தது.

* * *

மற்றோர் எதிர்வாதம் நடைமுறை சார்ந்தது. யாருக்கு நேரம் இருக்கிறது? இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் போத்து வெட்டி, நார் ஊறவைத்து, ஆண்டுதோறும் முள் அடைப்பது ஆகிற காரியமா? மயிலும் காட்டுப்பன்றியும் பெருகிவிட்ட காலத்தில் கிளுவை என்ன தடுத்துவிடும்? நியாயமான கேள்விகள். மயிலை எந்த வேலியும் தடுக்காது. நாலடிச் சுவரும் தடுக்காது. விளைநிலம் முழுவதையும் கையால் அடைக்கச் சொல்வதும் நம் நோக்கமன்று. ஒரு வீட்டுப் புழக்கடை, நாற்பது அறுபது அடி, அவ்வளவே. ஒரு குடும்பம் ஆண்டுக்கு இரண்டு விடுமுறை நாள்களை ஒதுக்கினால் போதும். இடமே இல்லாத நகர வீட்டுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

பராமரிப்பே வேண்டாத வேலி வேண்டும் என்ற ஆசைக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு விடை கிடைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் விறகுக்கும் வேலிக்கும் ஏற்றதென்று பரப்பப்பட்டது. தண்ணீர் வேண்டாம், கழிக்க வேண்டாம், ஆடு தழையைத் தின்னாது. மக்கள் நம்பி அதற்கு வேலிகாத்தான் என்றே பெயர் வைத்தார்கள். ஆடு தழையைத் தின்னவில்லை. நெற்றைத் தின்று விதையை ஊரெங்கும் கொண்டுபோய் எருவோடு போட்டது. கண்மாயும் தரிசும் மேய்ச்சல் நிலமும் அதன் கைக்குப் போயின. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களில் அதைப் பிடுங்குவது இன்றும் முடியாத வேலை. வேலியே பயிரை மேய்ந்தது என்ற பழமொழியை ஆளுகிறவர்களைப் பற்றிய உவமையாகவே நாம் பயன்படுத்திவந்தோம். அது எழுத்துக்கெழுத்து நடந்தேறிய நிலப்பரப்பு நம்முடையது. ஒருவர் கவனிப்பும் வேண்டாத வேலி, ஒருவர் சொல்லையும் கேட்காத வேலியாகிவிடுகிறது.

இங்கே இலக்கிய வாசகர்களிடம் குறிப்பாக ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. திணையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று அடுக்கி, முல்லைக்கு இருத்தல் உரியது என்று எழுதுகிறோம். இருத்தல் என்பது காத்திருத்தல் என்று உரை சொல்லும். ஆனால் முல்லை நிலத்தில் வீட்டிலிருந்தவர்கள் வெறுமனே காத்திருந்திருக்க முடியாது. ஆடு அடைந்ததா என்று பார்த்து, முள் இற்ற இடத்தில் புதுமுள் வைத்து, படலைச் சாத்திக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த வேலைகளைச் செய்த கை மறைந்துபோனால் பாட்டின் சொற்கள் உரையாசிரியர்களின் உதவியோடு மட்டுமே நமக்கு விளங்கும். நம் மாணவர்களில் பாதிப்பேர் இன்னும் ஊர்ப்புறத்திலிருந்துதான் வருகிறார்கள். அவர்கள் வீட்டில் கவைக்கோலுக்கு என்ன பெயர் என்று வாத்தியார் கேட்டு எழுதிக்கொண்டால் ஒரு பருவத்துக்குள் நல்லதொரு பட்டியல் சேர்ந்துவிடும். பட்டியலோடு நில்லாமல் கல்லூரித் தோட்டத்தின் ஒரு பக்கத்தை அவர்களே அடைத்தால் இன்னும் நல்லது. அந்தப் பக்கம் சுவரில்லாமல் இருந்தால் கல்லூரியின் மதிப்புக் குறைந்துவிடாது.

வீடு கட்டப்போகும் நண்பர்களுக்கும் இதையே சொல்வோம். முன்பக்கம் உங்கள் விருப்பம். பின்பக்கத்தை மட்டும் சுவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். கோடையில் இலை உதிர்ந்தபின் போத்து வெட்டுங்கள்; அடியைச் சீவுங்கள்; நாரை முதல்நாளே ஊறப்போடுங்கள். கயிறு பிடிக்கும் முன்பு பக்கத்து வீட்டாரை அழைத்துவந்து கயிற்றின் மறுமுனையை அவர்கள் கையில் கொடுங்கள். அவர் எந்தச் சாதி என்று கேட்காமல் கொடுக்க முடிந்தால், பழைய வேலியைவிட உங்கள் வேலி ஒரு படி மேலானது. ஆள் நுழையும் அளவுக்கு ஓரிடத்தை மட்டும் அடைக்காமல் விடுங்கள்.